முதுகுக் கொழுப்பு

கறி மொத்தமாக வாங்குகிறவர் போனிலேயே திட்டித் தீர்த்துவிட்டார். எங்கள் பண்ணையிலிருந்து போன பன்றிகளுக்கு முதுகில் இரண்டு விரல் தடிமனுக்குக் கொழுப்பாம், சதை பேருக்குத்தான் இருந்ததாம். என் வீட்டுக்காரர் நேராகத் தீனிக் கிடங்குக்குப் போனார். மூட்டைகள் வழக்கத்தைவிட அதிகமாக மிச்சமிருந்தன.

“தீனி கம்மியாத்தான் தின்னிருக்கு. அப்புறம் கொழுப்பு எங்கேருந்து வந்துச்சு, காத்தக் குடிச்சா? உன் தம்பி வேற எதையோ போடுறான்.”

என் தம்பியை எல்லோரும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவோம். வேலை போய், போக்கிடம் இல்லாமல் எங்களிடம் வந்தவன். தீனி போடுவதும் கொட்டகை கழுவுவதும் அவன் பொறுப்பு. கொட்டகைக்குப் பின்னால் ஒரு பேக்கரி. அங்கே விற்காத பன்னும் கேக்கும் மூட்டை மூட்டையாகச் சேரும், அள்ளிப் போகிறவனுக்குக் கூலியும் உண்டு. அதைத் தின்றால் பன்றி கொழுக்கும், சதை வைக்காது. பேக்கரி ஆளோடு ஒல்லி பின் சந்தில் சிரித்துப் பேசுவதை நானே பார்த்திருக்கிறேன்.

“அவன் அப்படிப்பட்டவன் இல்ல” என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். ஆனால் அவர் விடவில்லை. “கொழுப்பு பன்னிக்கு மட்டும் இல்ல போலிருக்கு” என்று அவன் காதுபடவே சாடை பேசினார். ஒல்லி சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவான். “நீ நம்பறேல்ல, அது போதும்க்கா” என்றான் என்னிடம்.

நம்பினேனா? அவன் சட்டையில் வெண்ணெய் வாசனை அடிப்பதாகத் தோன்றியது. சிரித்தால் எதையோ மறைக்கிறான், சிரிக்காவிட்டாலும் மறைக்கிறான். பேக்கரியைப் பார்த்த பின்சுவரில் இரும்புக் கதவு போட்ட ஜன்னல்கள் எப்போதும் திறந்தே கிடக்கும். அவன் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் சாத்திப் பூட்டி, சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன். நாய் எட்டிப் பார்த்துப் பன்றிகளை மிரட்டுகிறது என்று அவனிடம் கதை விட்டேன்.

“வெக்கையா இருக்குமேக்கா” என்றான். அவன் அப்படிச் சொன்னதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வெயில் ஏறியது. பன்றிகள் தீனித் தொட்டியை மோந்து பார்ப்பதோடு சரி, ஈரத்தரையில் கிடந்து மூச்சு வாங்கின. அடுத்துப் போன வண்டியில் கொழுப்பு இன்னும் அதிகம். பலே கில்லாடி, வேறு வழி கண்டுபிடித்துவிட்டான் என்று பல்லைக் கடித்தேன். வீட்டுக்காரர் “அவன மூட்டை கட்டச் சொல்லு” என்றபோது நான் மறுத்துப் பேசவில்லை.

கறிக்காரர் வற்புறுத்தியதால் கால்நடை மருத்துவர் வந்தார். அந்த அம்மா பன்றிகளின் வயிறு வேக வேகமாக ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பன்னிக்கு நம்மள மாதிரி வேர்க்காது. தின்னா உடம்பு இன்னும் சூடாகும்னு தீனியக் குறைச்சுக்கும்.”

“குறைச்சா இளைக்கணும்ல?” என்றார் வீட்டுக்காரர்.

“குளுமையான இடத்துல கம்மியா தின்னா கொழுப்பு கரையும். வெக்கையில, கம்மியா தின்னாலும் ரத்தத்துல இன்சுலின் ஏறிடும். அது கொழுப்பக் கரைய விடாது, சதையும் வைக்காது. யாரும் எதையும் தனியாப் போட வேண்டாம், வெக்கையே போதும்.” அவர் பின்சுவரைப் பார்த்தார். “இந்த வெயில்ல ஜன்னலப் பூட்டி வச்ச புண்ணியவான் யாரு?”

இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

“நான்தாங்க” என்றான் ஒல்லி. “நாய்த் தொல்லைன்னு பூட்டினேன்.”

வீட்டுக்காரருக்கு இது போதாதா? “எப்படியும் இவனாலதான்! இப்பவே கிளம்புடா” என்று குதித்தார். ஒல்லி தலையாட்டினான். என்னைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

“அவன் இல்ல, நான்தான் பூட்டினேன்.” சாவிக் கொத்தை எடுத்து நீட்டினேன்.

“நீயா? பின்சந்துல கேட் இருக்கு, நாய் எங்கே வருது? எதுக்குப் பூட்டின?”

“பேக்கரியிலேருந்து எதையும் உள்ள போடக் கூடாதுன்னு.”

யார் போடக் கூடாது என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை நாள் ஏச்சையும் சிரித்தே தாங்கியவனின் முகம் சுண்டிப் போனது. சாவியை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தான். காற்று உள்ளே வந்தது. பூட்டுகளைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான்.

“வரேன் மாமா” என்று அவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான்.