ஆர்க்டா பெட்டியில் ஒரு பாலம்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. சென்னப்பன் கட்டிய பாலத்துக்குச் சிவப்புச் சாயமா, பச்சையா என்று கேட்டால் தடுமாறுவேன். தௌசீப் இணைய வயரைப் பிடுங்கியது மழை தொடங்கும் முன்பா, பின்பா என்பதும் குழப்பம்தான். அவன் கடையில் சுவரோரமாக உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். இதில் கொஞ்சம் நான் பார்த்தது, கொஞ்சம் அவன் பிற்பாடு சொன்னது. மீதி, அவன் சொல்லாமல் விட்ட இடங்களை நானாக நிரப்பிக்கொண்டது.

அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் தௌசீப்பின் கடை இருந்தது. டிவியோடு பொருத்தி விளையாடும் வீடியோ கேம் பெட்டிகளை விற்பான். வாங்க வசதியில்லாதவர்கள் அங்கேயே உட்கார்ந்து விளையாடிவிட்டுப் போகலாம். அவனிடம் இருந்ததெல்லாம் ஆர்க்டா என்ற ஒரே கம்பெனியின் பெட்டிகள். தௌசீப் என்று ஒருவன் உலகத்தில் இருப்பது அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. ஆனாலும் அவன் “நம்ம கம்பெனி” என்றுதான் சொல்வான், மாமனார் வீட்டைச் சொல்வதுபோல ஒரு உரிமையும் சலிப்புமாக.

எதிர்வரிசையில் முருகேஷின் கடை. கல்லூரியில் படித்த காலத்தில் தௌசீப்பின் கடையிலேயே பழியாய்க் கிடந்தவன் முருகேஷ். இங்கே உட்கார்ந்தே தொழிலைக் கற்றுக்கொண்டு, எதிரிலேயே கடை போட்டான். ஆர்க்டாவின் போட்டிக் கம்பெனியான நோவிக்கின் பெட்டிகளை வரவழைத்தான். கண்ணாடிக் கதவு, ஏசி, தரையில் நீலக் கம்பளம். கம்பளம் என்பதால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்தச் செருப்புகள்தான் தௌசீப்பைத் தின்றன. கல்லாவில் உட்கார்ந்தால் அவன் கண் தானாக எதிர்ப்படிக்குப் போகும். யாருடைய செருப்பு எது என்று அவனுக்கு அத்துப்படி. வார் அறுந்து ஊக்கு மாட்டியது பேன்சி ஸ்டோர்க்காரனுடையது. வெள்ளை ஷூ தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்டுடையது. முன்பு அவையெல்லாம் தன் கடைக்குள் வந்தவை.

அவனுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. துறைமுகம் என்று எல்லோரும் சொன்ன ஒரு விளையாட்டு. வெறும் மணல்கரையில் தொடங்கி, ஆறு, தெரு, சந்தை, கப்பல்துறை என்று ஒரு ஊரையே கட்டி எழுப்ப வேண்டும். அது ஆர்க்டா பெட்டியில் மட்டும்தான் ஓடும். முருகேஷ் தலைகீழாக நின்றாலும் அவன் பெட்டியில் வராது.

துறைமுகத்தில் மன்னன் சென்னப்பன். தீர்த்தமலைக்கு அந்தப் பக்கம், ஆற்றைத் தாண்டி இருக்கும் ஊர்க்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். வாரம் ஒருமுறை மஞ்சள் மூட்டையோடு மண்டிக்கு வந்து, வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டை விரல்களால் பட்டன்களை மெதுவாக அழுத்தி, வருஷக்கணக்காக ஒரே ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் ஊரைப் பார்க்கவே ஆள் சேரும். பார்க்க வந்தவன் பக்கத்துப் பெட்டியில் உட்காருவான். கடை ஓடியது அப்படித்தான்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. ஆர்க்டா பெட்டி விற்பனை வருஷா வருஷம் சரிந்துகொண்டே வந்தது. பெட்டியை நம்பிப் பயனில்லை என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. இனி தன் விளையாட்டுகள் எல்லாக் கம்பெனிப் பெட்டிகளிலும் வரும், மாதச் சந்தா கட்டினால் போதும், கட்டிய ஊரைக்கூட இணையம் வழியாக ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு எடுத்துப் போகலாம். கம்பெனித் தலைவர் மேடையில் சிரித்துக்கொண்டே சொன்னார். தௌசீப் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

வீட்டில் அவன் மனைவி அன்ஜும் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“இதுல என்னங்க இருக்குது? பொட்டி விக்கலன்னா சந்தா விப்பான். நீங்களும் சந்தா கார்டு வாங்கி வெச்சு வித்துக்குங்க.”

“உனக்குப் புரியாது.”

“எனக்கா புரியாது? கம்பெனிக்காரனே போட்டி வேணாம்னு ஒதுங்கிட்டான். நீங்க யாருக்காக மல்லுக்கு நிக்கறீங்க?”

அவன் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். தனக்கென்று இருந்த ஒன்றைக் கேட்காமல் எடுத்து எதிர்வீட்டுக்காரன் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவனும் சிரிக்கிறான், வாங்கியவனும் சிரிக்கிறான். இதை எப்படிச் சொல்வது?

அந்த வாரமே சென்னப்பனின் செருப்பை எதிர்ப்படியில் பார்த்தான். டயர் வைத்துத் தைத்த கனமான செருப்பு. ஒன்று நேராகவும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தது. டயர்ச் செருப்பு போடுபவர் அந்தத் தெருவுக்கு வேறு யாரும் கிடையாது. தௌசீப் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். கண்ணாடிக் கதவில் வெயில் பட்டு உள்ளே எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சென்னப்பன் வெளியே வந்து, செருப்பைக் காலால் புரட்டி மாட்டிக்கொண்டு, வழக்கம்போல இந்தப் பக்கம் வந்தார்.

“வாங்கண்ணா. எதிர்க்கட ஏசி எப்பிடி?” என்றான் தௌசீப்.

“ஜில்லுனு இருக்குது பாய். முட்டி வலிக்குது” என்றார் அவர். அதற்குமேல் சொல்லவில்லை. தௌசீப்பும் கேட்கவில்லை. அன்று கேட்டிருக்கலாம்.

அவர் போனபின் அவன் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு இணைய வயரைப் பிடுங்கினான். இணையம் இல்லாவிட்டால் ஊர் எங்கேயும் போகாது. கட்டியதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஊர் இங்கே இருந்தால் ஊர்க்காரரும் இங்கேதான்.

“ரோட்டுல பள்ளம் தோண்டி லைனை அறுத்துட்டானுங்க” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். வயரைப் பிடுங்கிச் சில வாரம் கழித்துத் தெருவில் உண்மையாகவே பள்ளம் தோண்டினார்கள்; ஆட்கள் கேட்டதே அதற்குப் பிறகுதான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

வாரங்கள் போயின. சென்னப்பன் அப்போது ஒரு பாலத்தில் இறங்கியிருந்தார். அவர் நிஜ ஊருக்குப் போக ஆற்றில் ஒரு தரைப்பாலம்தான். தண்ணீர் வந்தால் முழுகிவிடும். அந்த மழைக்காலத்தில் அவரால் இரண்டு வாரம் சந்தைக்கு வரவே முடியவில்லை. வந்ததும் ஈரவேட்டியோடு உட்கார்ந்து சொன்னார்:

“எவங்கிட்ட மனு குடுத்தும் நடக்கல பாய். இங்கயாச்சும் ஒசத்திக் கட்டறன். எம்மாந் தண்ணி வந்தாலும் மேல வண்டி போவணும்.”

தூண் நட்டார், சரியில்லையென்று இடித்தார், மறுபடி நட்டார். விளையாட்டிலும் வெள்ளம் வரும். வந்து பாதிப் பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று. திரும்பக் கட்டினார். தௌசீப் பக்கத்தில் டீ கொண்டுவந்து வைப்பான். அந்த நாட்களில் அவன் நிம்மதியாக இருந்தான் என்றே நினைக்கிறேன். எதிர்ப்படியை அதிகம் பார்க்கவில்லை. பாலம் முடிந்தது. அடுத்த சந்தைக்கு வரும்போது மனைவியைக் கூட்டிவந்து காட்டுவதாகச் சென்னப்பன் சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே குள்ளம்மாளோடு வந்தார். கையில் கட்டைப்பை. கடைக்குள் நுழையும்போதே அந்தம்மாள் ஆரம்பித்துவிட்டார்.

“ஆத்துல கட்ட வக்கில்ல. டிவில கட்டியிருக்காராம். இதப் பாக்க நான் பஸ்சேறி வரணுமாம்.”

“சும்மா உக்காரு, மொதல்ல பாரு.”

“பாக்கறன். மேல நடந்து வூட்டுக்குப் போவ முடியுமான்னு பாக்கறன்.”

எல்லோரும் சிரித்தார்கள். பாலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூட்டம் சேர்ந்திருந்தது. தௌசீப் பெட்டியைப் போட்டான். துறைமுகம் திறக்கவில்லை. திரையில் ஒரு அறிவிப்பு: பெட்டி நெடுநாளாக இணையத்தில் இல்லை, சந்தா நடப்பில் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும், இணைத்தால்தான் விளையாட்டு திறக்கும். இதுவும் கம்பெனியின் புதுத் திட்டத்தில் ஒன்று. முன்பெல்லாம் பெட்டியை வாங்கியவன் ராஜா. இப்போது சில மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியிடம் முகத்தைக் காட்டியாக வேண்டும். அறிவிப்பை அவன் படித்திருந்தான். எதிர்க்கடைக்கு என்ன போகிறது என்பதைத்தான் படித்தான். தன் கடைக்கு என்ன வருகிறது என்பதைப் படிக்கவில்லை.

“லைன் வந்துருச்சான்னு பாக்கறன்” என்று முனகிக்கொண்டு, பின்னால் குனிந்து வயரைச் செருகினான். நிமிர்ந்தபோது வாசலில் முருகேஷ் நின்றிருந்தான்.

“பாலம் தொறப்பு விழான்னாங்க. எனக்கு அழைப்பில்லையா பாய்?”

“வா” என்றான் தௌசீப்.

இணையம் வந்ததும் திரையில் இன்னொரு கேள்வி வந்தது. இந்த ஊருக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று கம்பெனி சர்வரில், ஒன்று இந்தப் பெட்டியில். எதை வைத்துக்கொள்வது? மற்றது அழிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் கீழே கடைசியாகச் சேமித்த தேதி. சர்வர் பிரதியின் தேதி, பள்ளம் தோண்டுவதற்கு வெகு முன்னால் இருந்தது. முருகேஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரைக்கு அருகே வந்துகொண்டிருந்தான். அந்தத் தேதியைப் படித்தால் போதும், பள்ளத்தால் அறுந்த வயரல்ல, கையால் பிடுங்கிய வயர் என்று அவனுக்கு விளங்கிவிடும். அவனிடம் மட்டும் பிடிபடக்கூடாது. உலகத்தில் வேறு யாரிடம் வேண்டுமானாலும் பிடிபடலாம், அவனிடம் கூடாது.

தௌசீப் பட்டனை அழுத்தினான். திரை மறைய வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. எந்தப் பிரதியின்மேல் வெளிச்சம் இருந்தது என்று அவன் பார்க்கவில்லை.

ஊர் திறந்தது. சந்தை இருந்தது. கப்பல்துறை இருந்தது. ஆறு வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

சென்னப்பன் திரையைக் கரையோரமாக மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார், தப்பான இடத்தில் தேடுகிறோமோ என்பதுபோல. கடைசிவரை போய், திரும்பி வந்தார்.

“பாலம் எங்க பாய்?”

தௌசீப் திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

“கம்பெனிக்காரன் அழிச்சுட்டான்ணா. புதுசா என்னமோ மாத்தறானுங்கல்ல, அதுல போயிருச்சு.”

சென்னப்பன் முருகேஷைப் பார்த்தார். “நெசமாவா தம்பி? திரும்ப வராதா?”

தேதியை முருகேஷ் படித்துவிட்டிருந்தான். தௌசீப்பின் முகத்தைப் பார்த்தான். பெட்டிக்குப் பின்னால், மற்றதெல்லாம் தூசி படிந்திருக்க, அந்த ஒரு வயர் மட்டும் விரல் பட்டுப் பளிச்சென்று இருந்ததையும் பார்த்தான்.

“ஆமாங்கண்ணா” என்றான். “கம்பெனி வேலதான். என் கடைலயும் ரெண்டு பேருக்கு இப்பிடிப் போயிருச்சு. யார் மேலயும் தப்பு இல்லீங்க.”

தௌசீப் சொன்னபோது அது பொய்யாகக் கேட்டது. முருகேஷ் சொன்னதும் உண்மையாகிவிட்டது. கூட்டம் தலையாட்டியது. கம்பெனியைத் திட்டிக்கொண்டே கலைந்தது.

குள்ளம்மாள் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் முருகேஷைப் பார்த்துச் சொன்னார்:

“நீ அன்னைக்கே கூப்புட்டியாமே தம்பி, ஊரத் தூக்கிக்கினு எங்கடைக்கு வந்துடுங்கன்னு. இந்த மனுசன் முடியாதுன்னுட்டாராம். பாய் கடைல உக்காந்து பழகிட்டன், அவுரு டீ வாங்கிக் குடுப்பாருன்னு. வந்திருந்தா இது இருந்திருக்கும்ல?”

“இருக்காதுங்கம்மா. அங்கயும் போயிருக்கும்” என்றான் முருகேஷ்.

அவர்கள் போனபின் கடையில் இரண்டு பேரும் நானும்தான். முருகேஷ் ஏதாவது சொல்வான் என்று தௌசீப் காத்திருந்தான். திட்டினால் திட்டலாம். சிரித்தால் சட்டையைப் பிடிக்கலாம். முருகேஷ் எதுவும் சொல்லாமல் தெருவைக் கடந்து, படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். தௌசீப் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கடை, ஏசி, கூட்டம், கடைசியில் துறைமுகம் என்று முருகேஷிடம் இருந்த ஒவ்வொன்றுக்கும் இதுவரை எரிந்தாயிற்று. இன்று, கேட்காமலேயே தனக்காகப் பொய் சொல்ல அவனால் முடிந்ததே, அதற்கும் எரிந்தது. மற்றவை எல்லாவற்றையும்விட இது அதிகமாக எரிந்தது.

வீட்டில் அன்ஜும் என்ன ஆயிற்று என்று கேட்டாள். பாலம் போய்விட்டது என்றான். “கம்பெனியா?” என்றாள். அவன் “இல்ல” என்றான். விளக்கை அணைத்தாள்.

ஆர்க்டா கம்பெனி பெட்டி செய்வதை நிறுத்திவிட்டது. அதன் விளையாட்டுகள் இப்போது டிவியிலேயே நேராக ஓடுகின்றன. அதனால் முருகேஷின் கடையும் நிலைக்கவில்லை. கண்ணாடிக் கதவையும் கம்பளத்தையும் விற்றுவிட்டு, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த இடத்தில் இப்போது கண் டாக்டரின் கிளினிக் இருக்கிறது. அங்கேயும் செருப்பை வெளியேதான் விட வேண்டும். தௌசீப் செல்போன் பழுது பார்க்கிறான், சந்தா கார்டு விற்கிறான். கார்டுக் கணக்கை அன்ஜும் பார்க்கிறாள். பழைய பெட்டி ஒன்றை மட்டும் அவன் விற்காமல் வைத்திருக்கிறான். சென்னப்பன் அதே பெட்டியில் பாலத்தைத் திரும்பக் கட்டி முடித்தார். குள்ளம்மாள் பார்க்க வரவில்லை. வயர் விஷயத்தைத் தௌசீப் இன்றுவரை சென்னப்பனிடம் சொல்லவில்லை.