வெயில் பக்கத்துக் கைப்பிடி

1

"அந்தப் பக்கம் இருக்கிறவங்க மட்டும்தான் விழுவாங்களா?"

லமீஸ் என்ற சிறுமி கேட்ட கேள்வி இது. அம்மான் நகரத்தில் எங்கள் மலைச்சரிவு வீடுகளுக்கு நடுவே, மேல்தெருவிலிருந்து பள்ளிவாசலுக்கு இறங்கும் நீண்ட படிக்கட்டு உண்டு. அதன் ஒரு ஓரத்தில் மட்டும் இரும்புக் கைப்பிடி வைத்த அன்று கேட்டாள். பெரியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், ரபீஹாவைத் தவிர. அந்தச் சிரிக்காத முகத்திலிருந்துதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"எங்கள் படிக்கட்டுக் குழு ஒற்றுமைக்குப் பெயர்போனது. சுவர்களுக்கு வெள்ளையடித்தோம், இருட்டு வளைவில் விளக்குப் போட்டோம், எல்லோரும் ஒரே குடும்பமாக—"

இது ஆண்டு விழாவில் வாசிக்கிற அறிக்கை. அடித்துவிட்டேன். ஒரே குடும்பமாகத்தான் இருந்தோம், அது உண்மை. குடும்பத்தில் பொறாமை இருக்காது என்று உங்களுக்கு யார் சொன்னது?

2

ரபீஹா படிக்கட்டின் நிழல் பக்கத்தில் இருப்பவள். கணவர் இறந்துவிட்டார், மகன் ஸுஹைர் வெளிநாட்டில். எங்கள் வழக்கப்படி எல்லோரும் அவளை உம்மு ஸுஹைர், ஸுஹைரின் அம்மா, என்று கூப்பிடுவார்கள். நேர் எதிரே வெயில் பக்கத்தில் விதாத். அவள் உம்மு ராத்திப். அவள் கணவர் அபூ ராத்திப்புக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்துவிட்டது.

படிக்கட்டுக்குக் கைப்பிடி வேண்டும் என்று முதலில் சொன்னது ரபீஹா. ரொட்டிக் கடை வரிசையில், பக்கத்தில் நின்ற விதாத்திடம் சொன்னாள். விதாத் அதைக் குழுக் கூட்டத்தில் சொன்னாள். கூட்டம் கை தட்டியது.

(விதாத் வேண்டுமென்றே செய்தாளா? எனக்குத் தெரியாது. நல்ல யோசனை காதில் விழுந்தால் யாருடையது என்று மறந்துபோவது எனக்கும் நடக்கிறது.)

இரும்பு ஒரு பக்கத்துக்குத்தான் கிடைத்தது. எந்தப் பக்கம் என்று பேச, குழுவின் பெரியவர் ஹாஜி முஃப்லிஹ் வீட்டு முற்றத்தில் கூடினோம். அப்போது கடுங்குளிர்.

"எதிரெதிர் வீடு. இந்தப் பக்கம் பிடிச்சா என்ன, அந்தப் பக்கம் பிடிச்சா என்னம்மா?" என்றார் ஹாஜி.

"அப்படின்னா என் பக்கமே வைங்களேன் ஹாஜி. உங்களுக்குத்தான் எல்லாம் ஒண்ணாச்சே," என்றாள் ரபீஹா.

"வெயில் படுற பக்கம்தான் நல்லது, உம்மு ஸுஹைர்," என்றாள் விதாத். "உங்க பக்கம் ஒரே பாசி."

"என் பக்கம் பாசி, உங்க பக்கம் பன்னீரா?"

முற்றமே சிரித்தது. ஆனால் கைகள் விதாத்துக்குத்தான் உயர்ந்தன. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறவனுக்கு வெயில் என்ற சொல்லே இனிக்கும். கைப்பிடியும் வந்தது, நல்ல கறுப்புச் சாயம் பூசி. ஊர் அதற்கு 'விதாத் கைப்பிடி' என்று பெயரும் வைத்துவிட்டது.

3

இங்கே ஒரு சிக்கல். நான் எழுத உட்கார்ந்தது ரபீஹாவைப் பற்றி. ஆனால் பத்திக்குப் பத்தி விதாத்தே முன்னால் வந்து நிற்கிறாள். ரபீஹா இதைப் படித்தால் கேட்பாள்: "கதையிலயும் அவ பக்கம்தானா?"

ஆகவே ரபீஹாவின் ஜன்னலில் நின்று எழுதுகிறேன். அங்கிருந்து பார்த்தால், கைப்பிடியைத் தொடுகிற ஒவ்வொருவரும் விதாத்தின் கதவைப் பார்த்து ஒரு சலாம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். ரொட்டிக்காரன் விதாத்துக்கு அடுக்கின் நடுவிலிருந்து சூடான ரொட்டியை எடுத்துத் தருகிறான். விதாத்தின் துளசித் தொட்டிகூடத் தழைத்துவிட்டது. ரபீஹாவுக்கு இதெல்லாம் தொண்டையில் சிக்கிய முள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவள் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள்.*

* இந்த நட்சத்திரக் குறியில் ஒரு விஷயத்தை ஒளித்து வைக்கப் பார்த்தேன். வேண்டாம், சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ரபீஹா கால் முறிந்து படுத்திருந்தாள். இங்கே குழாயில் தண்ணீர் வருவது வாரத்தில் ஒரு நாள். மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியின் குழாயைத் திறந்து நிரப்பிக்கொள்ளாவிட்டால் அந்த வாரம் முழுக்கத் திண்டாட்டம்தான். தண்ணீர் வரும் நாளிலெல்லாம் ரபீஹாவின் தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்கும். பிறகு தொட்டி நிரம்பும் சத்தம். பிறகு இறங்கிப் போகும் செருப்புச் சத்தம். செருப்பு விதாத்துடையது. அவள் கதவைத் தட்டி, "நான்தான் செஞ்சேன்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ரபீஹாவும் நன்றி சொன்னதில்லை. முதல் வாரம் சொல்லியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். தள்ளிப்போட்ட நன்றி நாளாக நாளாகக் கனத்தது. நமக்குத் தீங்கு செய்தவரை மன்னித்துவிடலாம். நமக்கு உதவி செய்துவிட்டு, பேசாமல், நம்மைவிட நன்றாகவும் வாழ்கிறவரை மன்னிப்பது கடினம்.

4

கோடை வந்தது. நோன்பு மாதமும் கூடவே வந்தது.

கறுப்பு இரும்பில் மதிய வெயில் இறங்கினால் என்ன ஆகும் என்று குளிர்காலத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தொட முடியவில்லை. 'விதாத் கைப்பிடி' ஒரே வாரத்தில் 'விதாத் அடுப்பு' ஆனது.

"உம்மு ராத்திப், இதுல ரொட்டி சுட்டுக்கவா?" என்று இளைஞர்கள் கேட்டார்கள்.

ரபீஹா ஜன்னலிலிருந்தே பதில் சொன்னாள்: "நோன்பு நேரத்துல ரொட்டி வாசனை கிளப்பாதீங்கப்பா, பாவம் வந்து சேரும்!"

அது படிக்கட்டின் உச்சிவரை போய் எதிரொலித்தது. விதாத் மெல்லக் கதவைச் சாத்தினாள். அன்று ரபீஹா நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் மதியத் தொழுகைக்கு அபூ ராத்திப் தனியாக இறங்கினார். நல்ல கை இடது கை. இறங்கும்போது கைப்பிடி இருப்பதும் இடது பக்கம்தான். பிடித்தார், உதறினார். கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தார், அது வழுக்கியது. இரண்டு படி சறுக்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, அங்கே உட்காருவதற்காகவே வந்தவர்போல, தஸ்பீஹ் ஜெபமணியை எடுத்து உருட்டத் தொடங்கினார். பள்ளிவாசலில் தொழுகை முடியும்வரை உருட்டிக்கொண்டிருந்தார்.

ரபீஹா பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் உள்ளே ஏதோ இனித்தது. (இதை மறைக்க முடியாது. அவளுடைய கதை என்றால் இதுவும் வர வேண்டும்.) அந்த இனிப்பு அடங்குவதற்குள் வெட்கம் வந்துவிட்டது.

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: ரபீஹா குழுவில் எழுந்து தன் பக்கம் இன்னொரு கைப்பிடி கேட்கிறாள். எல்லோரும் அவள் சொன்னதே சரி என்று ஒப்புக்— அவளுக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: இருவரும் நடுப்படியில் கட்டிப்பிடித்து அழ— சரிவராது. இருவரையும் எனக்குத் தெரியும்.

6

நோன்பு மாதத்தில் எங்கள் படிக்கட்டில் ஆளே இல்லாத நேரம் ஒன்று உண்டு. நள்ளிரவில் அல்ல, அப்போதுதான் கூட்டம். சூரியன் மறைந்து, நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும், மலை முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் கதவு மூடி, கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். பூனைகள்கூட வாசலில் காத்திருக்கும்.

அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்து பார்த்தபோது—

இல்லை. அப்படி எழுதினால் நான் சாட்சி ஆகிவிடுகிறேன். காலையில் எல்லோரும் கண்டதை மட்டும் சொல்கிறேன். விதாத்தின் வாசலிலிருந்து வளைவுவரை, இரும்பைச் சுற்றிக் கெட்டியான பழைய மெத்தை உறைத் துணி, நெருக்கமான தையலில், வழுக்காமல், சுருக்கமில்லாமல்.

ஊர் கூடிவிட்டது.

"உம்மு ராத்திப் கைவேலையா? அடேயப்பா!" என்றார் ஹாஜி.

"நான் இல்லீங்க ஹாஜி. சத்தியமா நான் இல்ல," என்றாள் விதாத்.

"பாத்தீங்களா, செஞ்சதைச் சொல்லிக்கக்கூட மாட்டேங்கிறா! இதுதான் நல்ல மனசு."

"ஐயோ, நான் இல்லைங்கிறேனே!"

மறுக்க மறுக்க அவள் புகழ் ஏறியது. ஹாஜி எதிர் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். "என்ன உம்மு ஸுஹைர், நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே? இன்னும் கோபமா?"

ரபீஹா வாய் திறந்தாள். நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. துணி யாருடையது, ஊசி யாருடையது, நோன்பு திறந்ததும் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கியது யார், சோறு ஆறிக் கிடந்தது யார் வீட்டில்.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள். உள்ளே போய் ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். யார் மேல் கோபம் என்று பாத்திரத்துக்குத்தான் தெரியும்.

7

வளைவுக்குக் கீழே, பள்ளிவாசல்வரை, கைப்பிடி இன்னும் வெறும் இரும்புதான். அபூ ராத்திப் வளைவுவரை இறங்கி, அங்கே நின்றுவிட்டுத் திரும்புகிறார்.

மீதித் துணி ரபீஹாவின் மடியில். அவள் மனம் சொல்கிறது: நாளைப் பகலில் போய் உட்கார்ந்து தை. ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஹாஜி பார்க்கட்டும், ரொட்டிக்காரன் பார்க்கட்டும். அந்தக் கைப்பிடிக்கு உன் பெயரே வந்துவிடும். அதில் பொய்யும் இல்லை, பாவமும் இல்லை.

எனக்கும் அந்த முடிவின் மேல் ஆசை உண்டு. எத்தனை பேர் பார்ப்பார்கள்! எவ்வளவு நல்ல காட்சி!

ஆனால் மாடியில் நடந்த செருப்புக்கு யாரும் சாட்சி இல்லை. அந்தக் கணக்கு இருவருக்கும் இறைவனுக்கும் நடுவில் இருக்கிறது. ரபீஹா ஊசியில் நூலைக் கோத்து வைத்துக்கொண்டு, முள் குத்துகிற தொண்டையோடு, மாலை வெயிலைப் பார்த்தபடி இருக்கிறாள்.

இதோ பாங்கு சொல்கிறார்கள். முடிவை இங்கே உங்களிடம் விட்டுவிடுகிறேன். நீங்களும் நானும் நின்று பார்த்தால் அது கெட்டுப்போகும். உள்ளே வாருங்கள், திரையை இழுத்துவிடுகிறேன், பழம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். யார் வீட்டுத் தாழ்ப்பாள் என்று கேட்காதீர்கள்.

நாளை மதியம் அபூ ராத்திப் தொழுகைக்குக் கிளம்பும்போது, வளைவுக்குக் கீழே அவர் கை எதைப் பிடிக்கும் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை.