திங்களில் பிறந்த யா

மார்ச் 14, வியாழன். நேற்றைய குறிப்பில் புகார்கள் 212 என்று எழுதியிருந்தேன். தவறு. 211. ஒரு பெயரை இரண்டு முறை எண்ணிவிட்டேன். முந்தைய நாளின் பிழையைத் திருத்திவிட்டுத்தான் அன்றைய குறிப்பைத் தொடங்க வேண்டும் என்பது எழுத்தர் பரீட்சைக்கான மாலை வகுப்பில் சொல்லித்தந்த முறை.

அந்த 211 பேரும் நான் உண்டாக்கியவர்கள். எதிர்க்கட்சி வேட்பாளர் நம் தொகுதிக்காரரே அல்ல என்று அவர்கள் புகார் கொடுத்ததாகக் காட்ட வேண்டும் என்றார் நான் வேலை பார்க்கும் கட்சி அலுவலகத்தின் செயலர் அம்போன்சா. பெயர்களை வகுப்பு வருகைப் பதிவிலிருந்து எடுத்து என் நீல நோட்டில் எழுதினேன். பிறந்த தேதிகளை நாற்பது நாள் இடைவெளியில் வரிசையாகப் போட்டேன். அப்படிப் போட்டால் ஒழுங்காக இருக்கும் என்று பட்டது. அலுவலகத் தட்டச்சர் அஃபியா அக்கா அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தார். அந்த வேட்பாளரின் மனு தள்ளுபடியானது.

அது பற்றிய இன்றைய விசாரணையில் குழுத் தலைவி சார்போங் அம்மா ஒரு தாளை உயர்த்திப் பிடித்தார்.

"யா, 1971 மே மூணு. அன்னிக்கு திங்கக்கிழமை. திங்கக்கிழமை பெத்த பொண்ணுக்கு அஜோவான்னு வைக்காம, வியாழக்கிழமைப் பேர வைக்கிற தாய் இந்த ஊர்ல யாருய்யா? உங்க ஆபீஸ்ல காலண்டர் மாட்டறதில்லையா?"

கூடத்தில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. செவ்வாயில் பிறந்ததால் குவாபெனா என்று பெயர் பெற்றவன் நான். எனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது? வீட்டில் உட்கார்ந்து சரிபார்த்தேன். கிழமை பொருந்தியவர்கள் முப்பத்து நான்கு பேர் மட்டுமே.

அம்போன்சா எழுந்து, எல்லாம் தட்டச்சு செய்தவளின் கற்பனை, அலுவலகத்துக்குத் தெரியாது என்றார். ஒவ்வொரு தாளின் அடியிலும் அஃபியா அக்காவின் சுருக்கொப்பம் இருக்கிறது. நாளை மதியத்துக்குள் வேறு சான்று வராவிட்டால் அவர் மேல் போலீஸ் வழக்கு.

வெளியே அம்போன்சா என் தோளில் கை வைத்தார். "தம்பி, பரீட்சை வருதுல்ல? போய்ப் படி."

"அந்த நோட்டு என்கிட்ட இருக்கு, ஐயா."

"எந்த நோட்டு?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

அஃபியா அக்கா வாசலில் கென்கி என்னும் புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் வாங்கி நின்றபடியே தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒரு துண்டு பிய்த்துத் தந்தார்.

"வெள்ளிக்கிழமை பொறந்தவடா நான். எனக்கும் கண்ணுல படலையே. ரெண்டு பேரும் நல்லா மாட்டினோம்."

"என் பேரச் சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். காகிதம் எங்கன்னு கேட்டாங்க. உன் கையெழுத்துல இருந்த நோட்ட நீதான திரும்ப வாங்கிட்டுப் போன?" மீன்முள்ளைத் துப்பினார். "மிளகாய் பத்தல."

அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ, தெரியவில்லை. நோட்டோடு போனால் எனக்கு வேலை போகும், வழக்கும் என் மேல் திரும்பலாம்.

நாளைய வேலை: காலை ஒன்பது மணிக்கு விசாரணை அறை. நீல நோட்டைச் சார்போங் அம்மாவிடம் நேராகக் கொடுக்க வேண்டும். பட்டியல் பதினேழாம் பக்கத்தில் தொடங்குகிறது.