உடன் வந்த பெரியவர்

அட்டையைக் காட்டக் கையை நீட்டியபோது சட்டைக் கையிலிருந்து மாவு உதிர்ந்து மேஜைமேல் விழுந்தது. நீச்சல் குளத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண் துணியை எடுத்துத் துடைத்தாள். சனிக்கிழமைதோறும் அவள் துடைப்பதும் அவன் "சாரிம்மா" என்பதும் வழக்கமாகிவிட்டது. அவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய், துண்டும் பையுமாகக் காத்திருக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வருவான். எத்தனை தடவை முகம் கழுவினாலும் புருவத்தில் மாவு தங்கிவிடும். இன்றைக்கு வழக்கத்தைவிட மாவு அதிகம். நள்ளிரவிலேயே அடுப்பு படுத்துவிட்டது. மெக்கானிக் காலையில்தான் வருவார் என்று தெரிந்ததும் அடுப்பு மேஸ்திரி, "போய் எங்கயாவது சாயுங்கடா" என்றார். மாவு மூட்டைகளின் மேலேயே விழுந்து தூங்கினான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அடித்துப் போட்ட மாதிரி ஒரு தூக்கம்.

அட்டை பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. பிள்ளைகள் ஓடுவதில்லை, ஆடுவதில்லை, போனும் கையுமாக உட்கார்ந்த இடத்திலேயே பெருத்துப் போகிறார்கள் என்று மேலே யாரோ கவலைப்பட்டதன் பலன் அது. மகளின் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் வருஷம் முழுக்க நீச்சல் குளம் இலவசம், சனிக்கிழமை காலையில் மட்டும். நல்ல காரியம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் சின்னப் பிள்ளை என்பதால் ஒரு நிபந்தனை இருந்தது. உடன் வரும் பெரியவர் குளக்கரையிலேயே உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை எப்போது ஓட வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தவர்கள், பெரியவர் எப்போது தூங்குவார் என்று யோசிக்கவில்லை. அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. சனிக்கிழமைதான் அங்கே படுக்கை விரிப்புகள் மலையாகக் குவியும் நாள். "நான் போக முடியாது, நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்" என்று அட்டை வந்த அன்றே சொல்லிவிட்டாள். "அந்தப் பிள்ளை முகத்தப் பாருங்க. இத வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு மனசு வருமா?" மனசு வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள். குளக்கரை பெஞ்சு சிமெண்ட்டால் ஆனது. முதுகுக்குப் பின்னால் சில்லென்று ஓடு பதித்த சுவர். பிள்ளைகளின் கூச்சல் கூரையில் மோதித் திரும்பி வரும். இருந்தும் அவனுக்கு அது பஞ்சு மெத்தையாகத்தான் இருந்தது. முதல் மாதத்திலேயே குறட்டை விட்டு மாட்டிக்கொண்டான். குளத்தைச் சுற்றிக் கண்கொத்திப் பாம்பாக நடந்துகொண்டே இருக்கும் காவல்காரர் அவன் காதோரம் வந்து ஊதினார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயரே விசில். இரண்டாவது தடவை ஊதவில்லை, தோளைத் தட்டி எழுப்பினார்.

"சார், உங்களப் பார்த்தா பாவமாத்தான் இருக்கு. ஆனா இன்னொரு தடவை தூங்கிப் பார்த்தேன்னா அட்டைய வாங்கி வச்சிருவேன். ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

மகள் தண்ணீரில் கம்பியைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். உதடு குளிரில் நீலம் பாரித்திருந்தது. அன்று திரும்பும் வழியெல்லாம் அவள் அட்டையைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. வேறு எதுவும் வாங்கித் தர வக்கில்லாத அப்பன், சும்மா வந்ததையும் தூங்கித் தொலைக்கப் போகிறான் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் ஒரு தடவைகூட மாட்டவில்லை. தூங்காமல் இருந்தானா என்றால் அதுவும் இல்லை. கண் செருகும், தலை சரியும், ஆனால் விசில் பக்கத்தில் வரும் நேரம் பார்த்து எப்படியோ விழிப்பு தட்டிவிடும். உடம்பு பழகிக்கொண்டுவிட்டது என்று நினைத்தான். "கோழித் தூக்கம்னா என்னன்னு என்கிட்ட கத்துக்கங்க" என்று அடுப்படியில் பெருமையடித்தான். மகளைப் பற்றியும் அளந்தான். "மீன் மாதிரி போறா மேஸ்திரி. தண்ணிய விட்டு வரவே மாட்டேங்கிறா." வீட்டுக்குத் திரும்பும்போது அவள் தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், விரல் நுனியெல்லாம் சுருங்கியிருக்கும். அவன் கால்சட்டையும் முழங்காலுக்குக் கீழே நனைந்திருக்கும். மனைவி அதைக் கொடியில் போடும்போதெல்லாம் கேட்பாள். "நீச்சலுக்குப் போனது அவளா, நீங்களா?" பிள்ளைகள் குதிக்கிற குதியில் குளத்துத் தண்ணீர் பாதி வெளியேதான் கிடக்கிறது என்பான் அவன்.

இன்றைக்கும் அதே மூலையில், ஆழமில்லாத பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். மகள் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குளத்தின் நடுவில் பலகைக்கார அக்கா பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிதவைப் பலகை கொடுத்து, காலை அடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அவன் பழக்கத்தில் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினான். தூக்கம் வரவில்லை. மாவு மூட்டை அதன் வேலையைச் செய்திருந்தது. தூங்காமல் வெறுமனே கண்ணை மூடியிருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தபடி அப்படியே கிடந்தான்.

சளக்கென்று தண்ணீர் காலில் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, இம்முறை முழங்காலில். எவன்டா அது என்று இமையை லேசாகப் பிரித்தான். கீழே கம்பியைப் பிடித்தபடி மகள் நின்றிருந்தாள். எதிர்க்கரையில் விசில் திருப்பம் திரும்பி இந்தப் பக்கமாக நடக்கத் தொடங்கியிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள். ஒரு கையில் தண்ணீரை அள்ளி, யாருக்கும் தெரியாமல், அவன் முகத்தைக் குறிபார்த்து வீசினாள்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். விசில் தலையை அசைத்துவிட்டுக் கடந்து போனார். மகளும் ஒன்றும் நடக்காதது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் தளர்ந்து இறங்கியதை அவன் பார்த்தான்.

நம்ப மனமில்லாமல் மறுபடி கண்ணை மூடுவது போல மூடிக்கொண்டு கவனித்தான். பலகைக்கார அக்கா, "நீயும் வாயேன்" என்று கூப்பிட்டாள். "கால் வலிக்குதுக்கா" என்றாள் மகள். அக்கா வற்புறுத்தவில்லை, இந்தப் பதிலை அவள் பலமுறை கேட்டிருக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் காலை அடித்துக்கொண்டு குறுக்கே போனார்கள், வந்தார்கள், பலகைக்குச் சண்டை போட்டார்கள். இவள் கம்பியை விடவில்லை. விசிலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி விசிலைப் பார்த்தாள். நடுவில் ஒருமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்தாள். முடி நனைந்தது. இத்தனை சனிக்கிழமைகளும் அவன் உடம்பு ஒன்றையும் பழகிக்கொள்ளவில்லை. ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் என்று கொடுத்த அட்டையை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை அப்பாவின் தூக்கத்துக்குக் காவல் நின்றிருக்கிறது.

எழுந்து போய்க் குளத்தின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஏம்மா நீ நீந்தவே இல்ல?"

"நீந்தினேனே."

"எப்போ?"

"நீ தூங்கிட்டிருந்தப்போ" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் பொய் மாட்டிக்கொண்டது அவளுக்கே தெரிந்துவிட்டது. கம்பியை நகத்தால் சுரண்டினாள். "நான் அங்க போயிட்டா இங்க உன்னை யாருப்பா எழுப்புறது? விசில் அட்டைய வாங்கிட்டுப் போயிருவாரு."

"வாங்கிட்டுப் போனாத்தான் என்ன? நீதான் நீந்தவே இல்லையே."

அவள் அப்படி யோசித்ததே இல்லை போலிருந்தது. "வீட்டுல இருந்தா நீ ரூம்ல தூங்குவ, நான் வெளிய சத்தம் போடாம உட்கார்ந்திருக்கணும். இங்க வந்தா உன்கூட இருக்கலாம்ல" என்றாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். குளத்துத் தண்ணீர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"இன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலம்மா. போ, போய் அந்த அக்காகிட்ட பலகை வாங்கு."

"போன வாரமும் இப்படித்தான் சொன்ன."

அதுவும் உண்மைதான். அவன் செருப்பைக் கழற்றினான், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டான், விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டான். குளிர் உச்சந்தலைவரை ஏறியது. "இப்போ தூங்க முடியுமா, நீயே சொல்லு" என்றான். அவள் அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு கம்பியோரமாகவே நகர்ந்து நகர்ந்து, கம்பி முடிந்த இடத்தில் நின்று, ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டு கையை விட்டாள்.

விசிலின் நிழல் மேலே விழுந்தது.

"சார், கால உள்ள விடக் கூடாது. சுவத்துல பெருசா எழுதிப் போட்டிருக்கு."

"எடுத்தா தூங்கிடுவேன் சார்."

விசில் அவனையும், நடுக்குளத்தில் பலகைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த பிள்ளையையும் பார்த்தார். அவருக்கும் காலையிலிருந்து நடந்து நடந்து கால் வீங்கியிருக்க வேண்டும். "நான் அடுத்த சுத்து வர்றப்போ கால் வெளிய இருக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார்.

இந்நேரம் மெக்கானிக் வந்திருப்பார். அடுப்பு இன்றைக்குப் பற்றிக்கொள்ளும், இரவு வேலை உண்டு, நாளைக்கும் உண்டு. அடுத்த சனிக்கிழமை இதே பெஞ்சில் இதே தூக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எப்படித் தாண்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. தண்ணீரின் குளிர் மெல்லப் பழகிக்கொண்டிருந்தது. பழகப் பழகக் கால் மரத்தது, கால் மரக்க மரக்க இமை கனத்தது. மூட்டைமேல் தூங்கிய தூக்கம் அவ்வளவுதானா என்று ஆத்திரமாக வந்தது. குனிந்து தண்ணீரை அள்ளித் தன் முகத்தில் தானே அடித்துக்கொண்டான்.

பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகள் காலை அடித்துப் போய்க்கொண்டிருந்தாள். "முன்னாடி பாரு, முன்னாடி பாரு" என்று பலகைக்கார அக்கா கத்தினாள். மகள் அக்கரைப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள், ஆனால் கழுத்தைத் திருப்பி, கண் இமைக்காமல், அவனையே பார்த்துக்கொண்டு போனாள்.