அப்பாவுக்கு ஒதுக்கிய நாள்

நெரிசா வருகிறாள் என்ற சேதி கிடைத்த அன்றைக்கே அவளுடைய தங்கை ஜோவி படகு நேரங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். என் பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்துதான் பார்த்தாள். ஓட்டன் என்கிற எங்கள் சின்ன ஊரில், எங்கள் தெருவில் போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான்.

"டெலிங் அக்கா, நீங்க போஹோல் தீவுக்குப் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இங்கேருந்து இலோய்லோ டவுனுக்குப் போறதுன்னாலே கடையைப் பாத்துக்க ஆளில்ல. போஹோலுக்கு எங்கேருந்து போறது?"

"நாங்க போகப்போறோம். செபூ, போஹோல், சிக்கிஹோர். அப்புறம் இங்க வந்துட்டு மணிலா. அக்காவுக்கு ஒரு இடம் விடாம காட்டப் போறேன்."

நெரிசா ஹாங்காங்கில் ஒரு குடும்பத்தில் வீட்டு வேலை செய்கிறவள். போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. போகும்போது மகள் மிகாவுக்கு ஐந்து வயது. மிகாவின் அப்பன் மணிலாப் பக்கம் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறான். அவனைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. மிகாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்ததெல்லாம் ஜோவிதான். டவுனில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எனக்குத்தான் ரெடிமேடா ஒரு பொண்ணு இருக்கே" என்று சிரிப்பாள்.

இந்தப் பயண யோசனை அவளுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் நெரிசாவின் முதலாளிக் குடும்பம் விடுமுறைக்குப் பலாவான் தீவுக்கு வந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள நெரிசாவையும் அழைத்து வந்தார்கள். சொந்த நாட்டுக்கு வந்தும் அவளால் வீட்டுக்கு வர முடியவில்லை. ஒரு மணி நேர விமானம்தான், ஆனால் யார் விடுவார்கள்? கடற்கரையிலிருந்து போன் செய்து, போனைத் திருப்பித் தண்ணீரைக் காட்டினாள். "நம்ம கடல் இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது ஜோவி. காலை நனைக்கக்கூட நேரமில்ல" என்றாள். பேசிவிட்டு அழுதாள். ஜோவியும் அழுதாள். அக்கா கடலுக்காக அழுகிறாள் என்று இவள் எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. கிளினிக்கில் ஆள் வராத நேரத்தில் விடுதிகளின் படங்களைப் பார்ப்பாள். எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்குக் காலைப் படகு, எதற்கு மத்தியானப் படகு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சலுகை விலையில் டிக்கெட் விழுந்தால் உடனே வாங்கிவிடுவாள். சலுகை டிக்கெட்டை மாற்ற முடியாது, திருப்பித் தரவும் முடியாது. நெரிசாவுக்குக் கிடைத்ததோ இரண்டே வார லீவு. அதில் சும்மா இருக்கிற நாள் ஒன்றுகூட மிஞ்சாதபடி ஜோவி நிரப்பினாள்.

அவர்களுடைய அப்பா எலிசேயோ ஒரு காலத்தில் ஜீப்னி என்கிற சவாரி வண்டி ஓட்டியவர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. படகில் ஏறி இறங்க அவரால் ஆகாது. அவர் ஒருநாள் கோலை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு நாள் போடு" என்றார்.

"எங்க வரணும்ப்பா உங்களுக்கு?"

"எங்கேயும் இல்ல. வீட்டுல. ஒரு பன்னி வாங்கி முழுசா சுடலாம்னு இருக்கேன். தெருவையே கூப்பிட்டு, நாலு வருஷத்துக்குச் சேத்து ஒரே விருந்தாப் போட்டுரணும்."

ஜோவி போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "கடைசியில போடறேன்ப்பா. சுத்திட்டு வந்து, மணிலாவுக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள்."

"வந்த உடனே வெச்சுக்கலாமே?"

"வந்ததும் துணிமணி வாங்கணும், அத்தை வீட்டுக்குப் போகணும். கடைசியில வெச்சாத்தான் நிம்மதியா சாப்பிட முடியும்."

அவர் என்னைப் பார்த்தார். "பாத்தியா டெலிங், எனக்கே இடம் கிடைக்கிறது கஷ்டமா இருக்கு" என்று சிரித்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நெரிசா டிசம்பர் ஆரம்பத்தில் வந்து இறங்கினாள். முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தாள். முதல் மூன்று நாளும் ஓட்டமாகவே போயிற்று. இரண்டாம் நாள் காலையில் என் கடைக்கு வந்து முட்டை வாங்கினாள். "மிகாவுக்கு ஸ்கூலுக்கு என்ன கட்டிக் கொடுப்பாங்க டெலிங் அக்கா? நான் இன்னிக்குச் செஞ்சு தரலாம்னு பாக்கறேன்" என்றாள். ஜோவி பக்கத்திலிருந்த அவர்கள் வீட்டுக்குள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "அவளுக்கு லீவு சொல்லியாச்சுக்கா. இன்னிக்கு எல்லாரும் டவுனுக்குப் போறோம், நீச்சல் டிரஸ் எடுக்கணும்." நெரிசா முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

நான்காம் நாள் கிளம்பினார்கள். சிக்கிஹோர் மந்திரவாதிகளுக்குப் பேர்போன தீவு. "சிக்கிஹோர்ல சூனியம் வெச்சுருவாங்க, பாத்துப் போங்க" என்று தெருவில் எல்லோரும் கேலி செய்தோம். "வெச்சா நல்லதுதான், அக்கா திரும்பிப் போகாம இங்கயே இருந்துடுவா" என்றாள் ஜோவி.

அங்கே நடந்ததெல்லாம் ஜோவி பின்னால் என்னிடம் சொன்னதுதான். தன்னை விட்டுக்கொடுக்காமல் சொல்லத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது முடியவில்லை.

செபூவில் பழைய கோட்டை, பெரிய சிலுவை, கடைவீதி என்று சுற்றினார்கள். போஹோலில் சாக்லேட் குன்றுகள் என்று பேர்பெற்ற மேடுகள், உள்ளங்கை அளவுக் குட்டிக் குரங்குகள், ஆற்றுப் படகில் மத்தியானச் சாப்பாடு. நெரிசா எல்லாவற்றுக்கும் சிரித்தாள், படம் எடுக்க நின்றாள், "ரொம்ப நல்லாயிருக்கு ஜோவி" என்றாள். பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவாள். படகிலும் தூக்கம்தான். மிகாவுக்குப் படகில் வயிற்றைப் புரட்டியது. அவள் அம்மாவைத் தாண்டிப்போய் சித்தி மடியில் படுத்துக்கொண்டாள். விடுதியில் இரண்டு கட்டில் இருந்தால் வழக்கப்படி சித்தியோடுதான் படுப்பாள். ஒருநாள் நெரிசா சீப்பை எடுத்து, "வா, அம்மா தலைவாரி விடறேன்" என்றாள். குழந்தை மரியாதையாக வந்து உட்கார்ந்தது. வாரி முடித்ததும், "சித்தி வாரினா இழுக்காது" என்றது. சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை, ஒன்பது வயசுப் பெண். ஜோவி அதற்குச் சிரித்தாளாம். "நான் எதுக்கு அப்போ சிரிச்சேன் டெலிங் அக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

சிக்கிஹோரில் இரண்டாம் நாள் அருவிக்குப் போகிற ஏற்பாடு. ஜோவி விடியற்காலையில் எழுந்து எல்லோரையும் எழுப்பினாள். நெரிசா எழுந்திருக்கவில்லை.

"அக்கா, வண்டிக்காரன் வந்துட்டான்."

"நீங்க போயிட்டு வாங்க."

"உனக்காகத்தான போறோம். கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போனாத்தான் நல்லாயிருக்கும்."

நெரிசா எழுந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அங்க மேடம் ஆறு மணிக்கு எழுப்புவாங்க. இங்க நீ அஞ்சரைக்கு எழுப்புற" என்றாள்.

ஜோவிக்குச் சுருக்கென்றது. "ஒரு வருஷமா இதுக்குத்தான் உக்காந்து பாத்துப் பாத்துப் போட்டேன். நீதானே கடலைப் பாக்கணும்னு அழுத?"

"கடலையா?" நெரிசாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். "ஜோவி, அன்னிக்கு நான் வேற யாரோட குழந்தையையோ தள்ளுவண்டியில வெச்சுத் தள்ளிட்டிருந்தேன்டி. என் குழந்தை ஒரு மணி நேரத்துல போய்ச் சேர்ற தூரத்துல இருந்தா. அதுக்குத்தான் அழுதேன்."

அருவிக்கு எடுத்து வைத்த பையை ஜோவி கீழே வைத்தாள்.

"நான் வந்தா என்ன செய்யணும்னு நெனச்சுட்டு வந்தேன் தெரியுமா? அப்பாவுக்குத் துவரையும் பலாக்காயும் பன்னிக்கறியும் போட்டுக் குழம்பு வைக்கணும். மிகாவைப் பள்ளிக்கூட கேட்டு வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போகணும். சாயங்காலம் போய்க் கூட்டிட்டு வரணும். பத்து நாள் அப்படி நடந்தா அவளுக்கு என் கை பழகிடும்னு நெனச்சேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ அவ்வளவு சந்தோஷமா டிக்கெட் டிக்கெட்டா எடுத்துக் காட்டினே. எப்படிச் சொல்றது?"

இரண்டு பேரும் அழுது முடித்த பிறகு ஜோவியே முடிவு செய்தாள். வண்டிக்காரனை அனுப்பிவிட்டு, மறுநாள் முதல் படகில் டுமகெட்டேக்குப் போய், பஸ் பிடித்து, பக்கோலோட்டிலிருந்து படகேறி வீட்டுக்கு. மணிலாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மிச்சமிருக்கிற நாலு நாளும் வீட்டில்தான். நெரிசா அன்று முழுக்கக் கடற்கரையில் ஒரு தென்னை நிழலில் படுத்துத் தூங்கினாள். மிகா பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள்.

அன்றைக்கு ராத்திரியே காற்று திரும்பிவிட்டது. கிழக்கே எங்கோ போய்க்கொண்டிருந்த புயல் இந்தப் பக்கம் வளைந்தது. காலையில் துறைமுகத்துக்குப் போனால் கதவைச் சாத்தியிருந்தார்கள். எந்தப் படகும் போகாது என்று கடலோரக் காவல்படை சொல்லிவிட்டது.

இங்கே ஓட்டனில் எங்களுக்கு வெறும் தூறல்தான். எலிசேயோ தனக்கு ஒதுக்கிய நாளுக்கென்று ஏற்கனவே பன்றிக்குச் சொல்லி, சுடுகிறவனுக்கும் சொல்லியிருந்தார். ஜோவி போன் செய்து, "நாளைக்குக் காலையில திறந்துடுவாங்களாம்ப்பா, எப்படியும் சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோம்" என்றாள். அதை நம்பி மறுநாள் விடியும்போதே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். வயிற்றுக்குள் எலுமிச்சைப்புல்லைத் திணித்துத் தைத்து, மூங்கிலில் கோத்து, கரி நெருப்பின் மேல் திருப்பித் திருப்பிச் சுட்டார்கள். அவர் நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். மத்தியானம் தோல் சிவந்து மொறுமொறுவென்று வந்துவிட்டது. யாரையும் வெட்ட விடவில்லை.

"வரட்டும்" என்றார்.

சாயங்காலம் ஜோவி மறுபடியும் போன் செய்தாள். துறைமுகம் திறக்கவில்லை. அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "தெருப் பிள்ளைங்க பசியோட நிக்குதுங்க டெலிங், வெட்டிப் போடு" என்றார். தெரு முழுக்க வந்து சாப்பிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூட எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. அவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை. கழுத்துப் பக்கத்துத் தோலை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். நெரிசாவுக்கு அது பிடிக்கும். மறுநாள் அது செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. நான்தான் எடுத்து நாய்க்குப் போட்டேன்.

துறைமுகத்தைத் திறந்தபோது நெரிசாவுக்கு ஒரு நாள்தான் பாக்கி. வீட்டுக்கு வந்து திரும்ப நேரமில்லை. டுமகெட்டேயிலிருந்தே மணிலாவுக்கு விமானம் பிடித்து, அங்கிருந்து ஹாங்காங் போய்விட்டாள். விமான நிலைய வாசலில் மிகாவைக் கட்டிக்கொண்டபோது, குழந்தை ஒரு கையால் சித்தியின் சட்டையைப் பிடித்துக்கொண்டேயிருந்ததாம்.

ஜோவியும் மிகாவும் இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தார்கள். எலிசேயோ வாசலிலேயே இருந்தார். "சாப்டீங்களா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அவர் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்று ஜோவி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

நெரிசா அடுத்து வந்தது இரண்டு வருஷம் கழித்து. ஒரு திங்கட்கிழமை காலை, ஜோவி வேலைக்குப் போன பிறகு, பெட்டியோடு வந்து இறங்கினாள். அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. "ஜோவிக்குப் போன் பண்ணிடாதீங்க டெலிங் அக்கா" என்று என்னிடம் சொன்னாள். அப்பாவுக்குச் சமைத்தாள். மூன்று மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

சாயங்காலம் ஜோவி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மேசையில் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜோவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எப்பக்கா வந்தே?"

"காலையில."

"சொல்லவே இல்லையே."

நெரிசா சிரித்தபடி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "சொன்னா நீ எங்கயாச்சும் டிக்கெட் போட்டுடுவே" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜோவியும் சிரித்தாள். கை கழுவப் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

அந்த இரண்டு வாரமும் நெரிசா தெருவைத் தாண்டவில்லை. மிகாவுக்கு அப்போது பதினொன்று. தலைவார யாரும் தேவைப்படவில்லை. ஆனாலும் அம்மாவும் மகளும் தினமும் சேர்ந்து நடந்து போனார்கள், சேர்ந்து வந்தார்கள். ஜோவி வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள். லீவு போடு என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு காலையில் எலிசேயோ, "நீயும் அவங்களோட ஒருநாள் நடந்துட்டு வாயேன்" என்றார். "அவங்க பாட்டுக்குப் போகட்டும்ப்பா" என்றாள்.

ஹாங்காங்குக்குக் கிளம்புகிற அன்று நெரிசா ஜோவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை நாம ரெண்டு பேர் மட்டும் எங்கயாச்சும் போகலாம்டி. எங்கன்னு நீயே சொல்லு" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். போன் செய்யும்போதெல்லாம் "இடம் பாத்தியா?" என்று கேட்கவும் செய்கிறாள்.

"பாக்கலாம்க்கா" என்கிறாள் ஜோவி. இதுவரை ஓர் இடமும் சொல்லவில்லை.