திரையில் முளைத்த கண்கள்

திரையின் மூலையில் திடீரென்று இரண்டு கண்கள் முளைத்தன. புரோகிராமரான அவள் மவுஸை இடப்பக்கம் நகர்த்தினாள். விழிகளும் இடப்பக்கம் உருண்டன. கண்கள் இருந்த அந்தக் கணினி ஜன்னலை அவள் திறக்கவில்லை.

பக்கத்து ஜன்னலில் ரயில்வே வாரியத்துக்கு அவள் எழுதிய மின்னஞ்சல் இருந்தது. சிக்னல் புரோகிராமின் சோதனையில் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வந்த இரண்டு ரயில்களுக்கும் பச்சை விழுந்தது. கம்பெனி டைரக்டரோ 'தேறியது' என்று எழுதச் சொல்லிவிட்டார். நாளை வாரியம் ஒப்புதல் கொடுத்துவிடும். நடந்த உண்மையை ஐந்து நாளாகப் பயந்து பயந்து எழுதி, இப்போதுதான் முடித்திருந்தாள்.

அப்போது யூனிக்ஸ் கணினிகளில் இந்த ஜன்னல் சமாசாரமே புதிது. எங்கோ ஓடும் புரோகிராம்கூட உங்கள் திரையில் வந்து ஜன்னல் திறக்கலாம். அதற்கு ஒரு பூட்டு உண்டு. திங்கட்கிழமை, கீழ்த்தளத்துப் பெரிய கணினியின் வரைபடம் தன் திரைக்கு வரவில்லை என்று எரிச்சலாகி, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஒரே கட்டளையில் பூட்டைத் திறந்துவிட்டாள். வரைபடம் வந்தது. திரும்பப் பூட்ட மறந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, சோம்பேறித்தனம்தான்.

சத்தமில்லாமல் நடப்பதால் பூனை என்று பெயர் வாங்கிய சக ஊழியர் பின்னால் வந்து நின்றார்.

"கண்ண நான்தாம்மா அனுப்பினேன். அப்பவாவது நீ முழிச்சுக்குவேன்னு. பூட்டு திறந்து கிடக்கிறதால நீ அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் இன்னொரு மெஷினுக்குப் போகுது."

"யாரோட மெஷினுக்கு?"

பூனை டைரக்டரின் கண்ணாடி அறையைப் பார்த்தார். அதன் கதவு திறந்தது. பூனை நழுவிவிட்டார்.

டைரக்டர் நிதானமாக வந்து அவள் மேஜையில் கையூன்றினார். முகத்தில் ஒரே சிரிப்பு.

"மூணாவது பாராவுல ஒரு தப்பு இருக்கும்மா. சோதனை நடந்தது வெள்ளிக்கிழமை இல்ல, வியாழக்கிழமை."

அவள் மூன்றாவது பாராவைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை என்றுதான் இருந்தது.

"யோசிச்சுச் செய். பிள்ளைங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்ல?"

பிள்ளைகள் இருவரும் தினமும் ரயிலில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். அதை இவர் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாம்.

அவள் கிழமையை வியாழன் என்று திருத்தினாள். டைரக்டர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லவேளை சொன்னீங்க, சார்," என்றாள். மின்னஞ்சலை வாரியத்துக்கு அனுப்பிவிட்டாள்.