நாலு மணி வராத வீடு

"நம்ம ஊட்டுக்கு மட்டும் நாலு மணி ஏம்மா வர மாட்டேங்குது?" என்று வனஜா தன் ஏழாவது வயதில் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் அவளும் அம்மா வடிவும் குடியிருந்த ஓட்டு வீட்டில், 1986 ஆவணி முதல், மூன்று ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு ஐந்து மணிதான் வந்தது. இடையில் இருக்க வேண்டிய ஒரு மணி நேரம் அந்த வீட்டில் இருந்த எல்லாமும், அந்த வீட்டைச் சேர்ந்த இருவரும், இருந்தபடியே நின்றுபோவார்கள். செம்பிலிருந்து சாய்ந்த தண்ணீர் பாதி வழியில் நிற்கும்; சூடாக இருந்தது மட்டும் ஆறிப்போகும். ஒருமுறை வெளியே போய்ப் பார்க்கலாம் என்று இருவரும் பஸ் ஏறினார்கள். நாலு மணிக்கு அப்படியே நின்றுபோன நிலையில் பட்டாபிராம் வரை போய், ஐந்து மணிக்குக் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அதன் பிறகு நாலு மணிக்கு வீட்டில் இருப்பதே பத்திரம் என்று வைத்துக்கொண்டார்கள். தெருவும் பழகிக்கொண்டது. தெருக்குழாயில் நாலரைக்குத் தண்ணீர் விடுவார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் தன் குடங்களோடு அவர்களுடைய இரண்டு குடங்களையும் நிரப்பி வாசற்படியில் வைத்துவிட்டுப் போவாள். உள்ளே எட்டிப் பார்க்க மாட்டாள். நின்றிருப்பவர்களை வேடிக்கை பார்ப்பது மரியாதையில்லை என்பது அவள் எண்ணம்.

வடிவு காலையில் இருட்டோடு கிளம்பி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டில் கழுவினாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தால் தெருவுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்து எழுந்திருக்க ஒன்பதாகும். நடுவில் ஒரு மணி நேரம்தான் அவள் வனஜாவுக்கு அம்மாவாக இருக்க முடிந்த நேரம். காணாமல் போனது அதுதான்.

வடிவின் புருஷன் உத்தமன் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். தினமும் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டு, தன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த பிறகுதான் உட்காருவான். அது சுவிட்சர்லாந்துக் கடிகாரம். யுத்த காலத்தில் அவன் அப்பா ஆவடி முகாமில் ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்குச் சமையல்காரராக இருந்தார். ஊருக்குப் புறப்படும்போது அந்த அதிகாரி கையிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. உத்தமன் மஞ்சள் காமாலையில் இறந்த மூன்றாம் மாதம், அதைக் கேட்டுக்கொண்டு கலியமூர்த்தி வந்தார்.

கலியமூர்த்தி பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பிரிவில் இருந்தார். மன்னார்குடிக்காரர், குவார்ட்டர்ஸில் தனியாள். பழைய கைக்கடிகாரங்களைத் தேடிப் பிடித்து, பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டு, நாளுக்கு ஒன்றாகக் கட்டிக்கொள்வது அவருடைய பொழுதுபோக்கு. முப்பத்தெட்டு வைத்திருந்தார். பேட்டரி வாட்ச் கட்டியவர்களை அவர் மனிதர்களாகவே சேர்ப்பதில்லை. பெயிண்ட் அடித்துப் புதுசாக்கிய டயலைக் கண்டால் சாக்கடையைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரயில்வே கேட்டில் யாராவது மணி கேட்டால் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு, "உனக்கு மணி தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்பார். முப்பத்தெட்டுக் கடிகாரம் இருந்தும் ஊரில் ஒரு ஆளுக்கும் மணி சொல்லாத மனிதர். சில நாள், சரிபார்ப்பதற்காக இரண்டு கையிலும் கட்டிக்கொண்டு வருவார். சைக்கிள் கடை கன்னியப்பன் பஞ்சர் ஒட்டிக்கொண்டே, "இன்னா சார், ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு சாட்சியா?" என்று கேட்பான். கலியமூர்த்தி நடையைக் கட்டுவார். சைக்கிள் கடைக்காரனுக்குப் பதில் சொல்வதா?

உத்தமனின் கடிகாரத்தைக் கையில் வாங்கி வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருடத்தில் தானாகவே தேன் நிறத்துக்கு மாறிய, யாரும் கைவைக்காத டயல். அப்படி ஒன்றைத் தேடிப் பெங்களூர் வரை அலைந்தவர் அவர். வடிவைப் பார்த்து, "டயல் கருகிப்போச்சும்மா. குப்பை. வீட்ல வெச்சுகிட்டு என்ன செய்யப் போறே?" என்றார். பதிலுக்குப் பாட்டுப் பாடும் ஒரு பிளாஸ்டிக் வாட்ச்சைக் குழந்தைக்குக் கொடுத்தார். அந்த வீட்டுப் பொருளாகிவிட்டதால் அந்த வாட்ச் தன் கடைசி நாள் வரை 3:59க்கு அடுத்தபடி 5:00 காட்டியது.

அன்று முதல் கலியமூர்த்தியின் குவார்ட்டர்ஸில் நாலு மணி இரண்டு முறை வந்தது. ஐந்தாகப் போகிற நேரத்தில் முட்கள் சத்தமில்லாமல் நாலுக்குத் திரும்பும். சன்னல் வெயிலும் கூடவே திரும்பும். அவர் ஆச்சரியப்படவில்லை. காலத்தை மதிக்கத் தெரிந்தவனுக்குக் கொஞ்சம் கூடக் கிடைப்பது முறைதான் என்று எடுத்துக்கொண்டார். தொழிற்சாலையில் யாராவது நேரம் போதவில்லை என்றால் இளக்காரமாகச் சிரித்தார். நாலு வருடம் தினமும் ஒரு மணி நேரம் உபரியாகக் கிடைத்த அந்த மனிதர் அதை வைத்து என்ன செய்தார் என்றால், கண்ணாடி துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

1990இல் பெங்களூரிலிருந்து, அவரைப் போலவே கடிகாரம் சேர்க்கும் ஒருவர் எழுதினார். அந்தச் சுவிட்சர்லாந்துக் கடிகாரத்தின் வாரில் இருந்த பழைய பக்கிள் இல்லாவிட்டால் அது முழுமையாகாது என்றார். கலியமூர்த்தி வேறொரு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, மூன்றே முக்காலுக்கு வடிவின் வீட்டுக்குப் போனார். இத்துப்போன வாரும் பக்கிளும் ஒரு டப்பாவில் கிடந்தன. வடிவு சும்மாவே எடுத்துக் கொடுத்தாள். உட்காரச் சொல்லிக் காபியும் கொடுத்தாள். இப்படிப்பட்ட மனிதர்களையும் ஆண்டவன் உடனே தண்டித்துவிடுவதில்லை; முதலில் காபி கொடுத்துப் பார்க்கிறான். டம்ளரை வாங்கும்போது ஆவி பறந்தது. உதட்டில் வைத்தபோது சில்லென்று ஆடை ஒட்டியது. வாசல் வெயில் இரண்டு அடி நகர்ந்திருந்தது.

"ஆறிப்பூச்சா சார்?" என்று வடிவு டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "எங்க ஊட்ல அப்டித்தான். நாலு மணி எங்களுக்குக் கெடையாது. இருங்க, சுட வெச்சுத் தர்றேன்."

வனஜா அவருடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், உங்க வாட்ச்சும் எங்க ஊட்டுக்கு வந்தா நின்னுபூடுமா?" என்றாள்.

தெருவுக்கு வந்து ஒரு டீக்கடை ரேடியோவில் நேரம் கேட்டபோது அவர் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. வாரத்துக்கு இரண்டு விநாடி தவறினாலே சோறு இறங்காத மனிதர் அவர். பிரித்துப் பார்த்தார். பழுது எதுவும் இல்லை. மறுநாள் இன்னும் இரண்டு கடிகாரங்களைக் கட்டிக்கொண்டு அதே வீட்டுக்குப் போய், ஏதோ விசாரிக்கிற பாவனையில் உட்கார்ந்து எழுந்தார். இரண்டும் ஒரு மணி நேரம் பின்தங்கின. தன் வீட்டில் இரண்டாவதாக வரும் நாலு மணி யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகும் மூன்று மாதம் பேசாமல் இருந்தார். அவரிடம் காரணங்கள் இருந்தன. மாவரைக்கிற வீட்டில் ஈரம் அதிகம். அடுப்பு ஆவியில் டயல் கெட்டுப்போகும். அந்தப் பெண்ணுக்கு அதன் அருமை தெரியாது. இவற்றை உபரி மணி நேரத்தில் உட்கார்ந்து தனக்கே சொல்லிக்கொண்டார். ஆனால் தினமும் அதே நேரத்தில் அந்தக் காபியும் ஞாபகத்துக்கு வந்தது. புருஷனுடைய கடிகாரத்தைக் குப்பை என்று சொன்னவனுக்கு அவள் ஏன் இரண்டாம் முறை அடுப்பு மூட்டினாள்? அவரிடம் இருந்த எந்த ஸ்குரூ டிரைவராலும் அதைத் திறக்க முடியவில்லை.

1991 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பழைய பக்கிளைப் புது வாரில் கோத்து, அந்தக் கடிகாரத்தையே கட்டிக்கொண்டு, நாலேகாலுக்குப் பின்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போனார். அந்த வீட்டின் நாலு மணி அவர் கையிலேயே இருந்ததால் அவர் நின்றுபோகவில்லை. உள்ளே வடிவு மகளின் சடை ரிப்பனை அவிழ்க்கக் கையை வைத்தபடி நின்றிருந்தாள். வனஜா பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்திருந்தாள். நாலரை வருடமாக ஒவ்வொரு நாளும் அந்தச் சொல் வாய்க்குள்ளேயே நின்று, ஐந்து மணிக்கு ஆட்டுக்கல் சத்தத்தில் போயிருக்கிறது. கலியமூர்த்தி அவர்களைப் பார்த்துக் கைகூப்பினார். அதை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. கடிகாரத்தைக் கழற்றி இருபது சுற்று சாவி கொடுத்து, மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை. கையை எடுத்ததும் பின்னால் ரிப்பன் அவிழும் சத்தம் கேட்டது. அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் வேலியைத் தாண்டியிருந்தார்.

மாடத்தில் ஏதோ ஓடுகிற சத்தம் கேட்டு வடிவு திரும்பிப் பார்த்தாள். யார் வைத்தது என்று கேட்கவில்லை. வனஜா பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வடிவு சடையைச் சிக்கெடுத்துப் பின்னி முடித்தாள். ஐந்தாக இன்னும் நேரம் இருந்தது. அதனால் அதை அவிழ்த்துவிட்டு, வேறு மாதிரி மறுபடியும் பின்னினாள்.